முடி கொட்டாத நாய் வேண்டுமாம்!

சென்னையில் அபார்ட்மெண்ட் குடும்பம் ஒன்று நாய் வாங்கக் கிளம்பினால், மினியேச்சர் பூடில் விற்பவர் மூன்றே வாக்கியத்தில் கவிழ்த்துவிடுவார். சின்ன நாய் சார், முடி கொட்டாது, ரொம்ப புத்திசாலி. கொடுமை என்னவென்றால் மூன்றும் உண்மை! பொய் சொல்லி விற்றால் சண்டை போடலாம். பாதி உண்மை சொல்லி விற்பவரை என்ன செய்வது?

அளவு சின்னதுதான். தோள்பட்டை உயரம் 10 அங்குலத்துக்கு மேல், 15-க்குள். எடை ஐந்தாறு கிலோ. சோபா மூலையில் அடங்கிவிடும். ஆனால் பூடில் சோபாவுக்காக உருவான ஜாதி இல்லை. சுட்டு வீழ்த்திய வாத்தைத் தண்ணீரில் நீந்திப் போய்க் கவ்விவர வளர்த்த வேட்டை நாய். பெயரே, தண்ணீரில் அளைவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லில் இருந்து வந்தது. மினியேச்சரில் உருவம்தான் சுருங்கியது, துறுதுறுப்பு சுருங்கவில்லை. காலையும் மாலையும் நடை வேண்டும், விளையாட்டு வேண்டும். மே மாதத்துத் தார் ரோட்டில் வெயில் ஏறிய பிறகு கூட்டிப்போனால் பாதம் பொசுங்கும். ஆகவே விடிகாலையிலேயே கிளம்பியாக வேண்டும். யார் எழுந்திருப்பது? அட்வான்ஸ் கொடுக்கும்போது இதை யாராவது பேசுகிறார்களா?

அடுத்து அந்தப் புகழ்பெற்ற முடி. கொட்டாது, சரி. கொட்டாத முடி எங்கே போகும்? மனிதத் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே போகும். உதிர்வதும் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். சில நாள் சீவாமல் விட்டால் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் சிக்கு விழும். சிக்கு இறுகி தோலை இழுக்கும், அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகும். சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். உண்ணி ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் கிடையாது, உண்ணிக் காய்ச்சல் நாயின் உயிரையே குடிக்கும். நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை முடிவெட்டு, அதற்கு நடுவில் தினமும் சீப்பு. இந்த வெயிலுக்கு ஒட்ட வெட்டிவிடுவதே புண்ணியம். அப்புறம் போட்டோவில் பார்த்த நாய் மாதிரி இருக்காதுதான். நாய்க்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை.

"அலர்ஜி உள்ள குழந்தைக்கும் ஒன்றும் செய்யாது" என்று ஒரு கொசுறு வேறு. அலர்ஜி தருவது முடி அல்ல, எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதம். 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வீட்டுத் தூசியைச் சோதித்தார்கள். 'அலர்ஜி தராத' ஜாதி என்று பெயர் வாங்கிய நாய்கள் இருந்த வீட்டிலும் மற்ற நாய்கள் இருந்த வீட்டிலும் அந்தப் புரதத்தின் அளவில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசமே இல்லை. மூச்சிரைப்பு உள்ள குழந்தையின் வீட்டில் இந்த விற்பனைப் பேச்சு விளையாட்டல்ல.

புத்திசாலித்தனத்துக்கு வருவோம். ஸ்டான்லி கோரன் 1994-ல் வெளியிட்ட நூலில், கட்டளையைப் புரிந்துகொள்வதில் பூடிலுக்கு இரண்டாவது இடம் கொடுத்தார். அந்த நாயைத்தான் கணவனும் மனைவியும் காலை ஒன்பது மணிக்குப் பூட்டிவிட்டு ஓஎம்ஆருக்கு வேலைக்குப் போகிறார்கள்! சாயங்காலம் ஏழு மணிவரை அது என்ன செய்யும்? குரைக்கும், கதவைப் பிறாண்டும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் அசோசியேஷனில் புகார் கொடுப்பார். நாய் வளர்ப்பதற்கு அசோசியேஷன் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் சொல்வதெல்லாம் சரி. தனியாகக் கிடக்கும் நாய்க்கு அந்தச் சுற்றறிக்கையால் என்ன லாபம்? கடைசியில் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்பார்கள். எந்த ஊர், யாரிடம் என்று கேட்டால் பேச்சு மாறும்.

இதற்கு மாற்றாக, "நாட்டு நாய் வாங்கு" என்று கொடி பிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முயலை விரட்டப் பிறந்த சிப்பிப்பாறையை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் அடைப்பது பற்றா, தண்டனையா?

பூடிலுக்கு ஏற்ற வீடு விளம்பரத்தில் வருவதே இல்லை. ரிட்டயரான தாத்தா, பாட்டி, பகல் முழுக்க ஆள் நடமாட்டம், மடியில் வைத்து அரைமணி சீப்பு போடப் பொறுமை. அங்கே அது ராஜா. ஆனால் பதினைந்து வருஷம் வாழக்கூடிய நாய். தாத்தாவுக்கு எழுபது என்றால், அவருக்குப் பிறகு யார் என்பதைக் குட்டி வருவதற்கு முன்பே மகனும் மருமகளும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். தலையாட்டல் போதாது.

இவ்வளவுக்கும் சம்மதம் என்றால் தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். கண் பார்வை மெல்ல மெல்லப் போகும் பரம்பரை நோய் இந்த ஜாதியில் உண்டு, தாய் தகப்பனுக்கு மரபணுச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். 2017-ல் வந்த மத்திய அரசு விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. "இது டீகப் பூடில் சார், இன்னும் சின்னது" என்று விற்பவர் ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அப்படி ஓர் அளவைப் பெரிய கென்னல் கிளப் எதுவும் அங்கீகரிக்கவில்லை.