கோட்டையைப் பார்த்தோம், நிலத்தைக் காணோம்

இங்கிலாந்து போய்வந்த நண்பர் வின்சர் கோட்டையில் எடுத்த படங்களைக் காட்டினார். "நம்ம ஊர்ல இப்படி ஒண்ணு இருக்கா?" என்றார். இருக்கிறது. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். 1640இல் கிழக்கிந்தியக் கம்பெனி எழுப்பிய புனித ஜார்ஜ் கோட்டை. வாசிப்பு வட்டத் தோழர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்தோம்.

அருங்காட்சியகத்தில் காரன்வாலிஸ் கம்பீரமாக நிற்கிறார். திப்புவின் இரு பிள்ளைகளைப் பணயமாகப் பிடித்தவர். 1793இல் வங்காளத்து ஜமீன்தார்களுக்கு நிலத்தை உடைமையாக்கியவர். நிலத்தை ஆண்டைகளுக்குக் கொடுத்தவருக்குச் சிலை இருக்கிறது. நமக்கு நிலம் ஒதுக்கிய காகிதம் எங்கள் கண்ணில் படவில்லை.

எந்தக் காகிதம்? 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலமற்ற நிலையை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசு 1892இல் ஆணை பிறப்பித்தது. அதுதான் பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்கின்றன தலித் இயக்கங்கள். அதில் இன்று நம் கையில் இருப்பது எவ்வளவு?

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? காரணைப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

"வெள்ளைக்காரன் போட்ட உத்தரவைப் பிடித்துத் தொங்குகிறீர்களே" என்று நம்மைக் கேலி செய்கிறார்கள். வெள்ளைக்காரனை நாம் புகழவில்லை. அவன் கட்டிய கோட்டையில்தான் சட்டமன்றம் கூடுகிறது, தலைமைச் செயலகம் நடக்கிறது. கோட்டை மட்டும் நம்முடையது, நில ஆணை மட்டும் வெள்ளைக்காரனுடையதா? இது என்ன நியாயம்?

தோழர்களே, கோட்டையைப் போய்ப் பாருங்கள், படமும் எடுங்கள். அடுத்த விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலகத்தில் 'ஏ' பதிவேட்டைக் கேளுங்கள். பழைய நிலப் பதிவேட்டில் 'டி.சி.' என்று குறித்த நிலம் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒரு சர்வே எண்ணிலிருந்து தொடங்குவோம். அந்த எண்ணோடு மறுபடி கோட்டைக்குப் போவோம், சுற்றிப் பார்க்க அல்ல, மனு கொடுக்க.