கைரேகைக்கும் ஒரு பூட்டு வேண்டும்

மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், ஊருக்குப் பணம் அனுப்பாத குடும்பம் குறைவு. மணியார்டர் பாரத்தை நிரப்பிக்கொண்டு தபால் நிலையத்தில் வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். இன்றைய பிள்ளைகள் கைபேசியிலேயே நொடியில் அனுப்பிவிடுகிறார்கள். அனுப்புவது எளிதாகிவிட்டது. ஊரில் இருக்கும் முதியவர் கையில் அது பத்திரமாகச் சேருகிறதா என்பதே என் கேள்வி.

கிராமத்துக்கு வங்கி வந்தது ஒரே நாளில் அல்ல. 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975 அக்டோபர் 2-ல் வட்டார கிராம வங்கிகள் தொடங்கின. நம் பல்லவன், பாண்டியன் கிராம வங்கிகள் 2019-ல் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆயின. 2006-ல் ரிசர்வ் வங்கி, கிளை இல்லாத இடங்களில் முகவர் மூலம் சேவை தர அனுமதித்தது. பெட்டிக்கடையில் அமர்ந்து, சிறு கருவியில் விரலை வைக்கச் சொல்லிப் பணம் தருபவர் அந்த முகவர்தான். கம்பியில்லாத் தொடர்பில் நடக்கும் இந்த ஆதார் வழிப் பணப் பட்டுவாடாவை இயக்கும் தேசியக் கழகத்தின் தலைமையகம் நம் மும்பையில்தான் இருக்கிறது. பஸ் ஏறி டவுனுக்குப் போக முடியாத முதியோருக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

ஆனால் இம்முறையில் பணம் எடுக்கத் தேவையானவை மூன்றே: வங்கியின் பெயர், ஆதார் எண், விரல் ரேகை. அட்டையும் இல்லை, ரகசிய எண்ணும் இல்லை. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகையைப் பார்த்துப் போலி ரேகை செய்து பணம் எடுத்ததாக 2023-ல் பெங்களூரு முதலிய ஊர்களில் புகார்கள் எழுந்தன. ரகசிய எண் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியுமா?

ஆதார் ஆணையம் சும்மா இருக்கவில்லை. வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் முறையை 2023-ல் கொண்டுவந்தது. ரேகையைக் கருவிக்கு உள்ளேயே சங்கேதமாக்கி அனுப்பும் புதுவகைக் கருவிகளுக்கு மாறவும் சொன்னது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் போதா என்பது என் கருத்து.

ரயில்வே சிக்னலில் ஓர் அடிப்படை விதி உண்டு. கம்பி அறுந்தாலும் மின்சாரம் போனாலும் சிக்னல் ஆபத்து நிலைக்குத்தான் போக வேண்டும். ஒற்றைப் பாதையில், அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதிக்காமல் இந்தப் பக்கத்து மெஷினிலிருந்து டோக்கன் வெளியே வராது. அதாவது, வழி மூடியே இருக்கும். தேவைப்படும்போது இருவர் ஒப்புதலோடு திறக்கும். ஆதார் இணைத்த கணக்குகள் பலவற்றில் இதற்கு நேர்மாறு. வழி எப்போதும் திறந்தே கிடக்கிறது. வேண்டுமென்றால் நாம்தான் தேடிப்போய் மூட வேண்டும். விரல் பூட்டிய நிலையே இயல்பு நிலையாக இருக்க வேண்டும், கணக்குக்குரியவர் கேட்டால் மட்டும் திறக்க வேண்டும் என்பதே என் வாதம்.

"பூட்டினால் கிழவிக்குத் திறக்கத் தெரியுமா?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பூட்டவும் திறக்கவும் கைபேசிக்கு ஒரு குறியெண் வரும். பல முதியோரின் ஆதாரில் பழைய எண்தான் இருக்கிறது. அதனால்தான் இந்த வேலை பிள்ளைகளுடையது என்கிறேன்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். பெற்றோர் கையில் உண்மையில் இருக்கும் கைபேசி எண்ணை ஆதாரிலும் வங்கியிலும் பதியுங்கள். விரல் ரேகைப் பூட்டை அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பூட்டியும் திறந்தும் காட்டுங்கள். ரசீது வாங்காமல் முகவர் கடையை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லி வையுங்கள். பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், 5 நாளுக்குள் சரிசெய்யாத வங்கி நாளொன்றுக்கு ரூ.100 தர வேண்டும் என்று 2019-ல் ரிசர்வ் வங்கி விதித்தது. மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

நம் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை நாள் ஒதுக்கி, இதைச் சொல்லித்தரும் முகாம் ஒன்றை நடத்தலாம். இங்கு நாம் வியர்வை சிந்தி அனுப்பும் பணம், அங்கே யாரோ ஒருவன் செய்த போலி விரலுக்குப் போய்ச் சேரக்கூடாது.