கேமரா யானையைத் திருப்பாது

“ட்ரோனும் கேமராவும் வந்துவிட்டன, வனத்துறைக்கு இனி இத்தனை ஆள் எதற்கு?” என்ற பேச்சு இப்போது அதிகம் கேட்கிறது. இப்படிக் கேட்பவர்கள் கோவை அருகே உள்ள மதுக்கரையைத்தான் சான்றாகக் காட்டுகிறார்கள். 2021 நவம்பரில் அந்தப் பகுதியின் நவக்கரை அருகே ரயில் மோதி, கருவுற்றிருந்த ஒன்று உட்பட மூன்று யானைகள் இறந்தன. 2024 பிப்ரவரியில் அந்த ரயில் பாதையோரம் செயற்கை நுண்ணறிவுக் கேமராக் கோபுரங்கள் இயங்கத் தொடங்கின. அருமையான ஏற்பாடு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது? கேமரா யானையைப் பார்க்கிறது. ரயில் ஓட்டுநருக்கும் வனப் பணியாளருக்கும் தகவல் போகிறது. ரயிலின் வேகம் குறைகிறது. யானையைத் தண்டவாளத்திலிருந்து காட்டுக்குள் திருப்ப, இருட்டில் டார்ச்சோடு ஓடுகிறவர் ஒரு காவலர். அவர் வராவிட்டால் கோபுரம் வேடிக்கைதான் பார்க்கும்.

“தொகுப்பூதியத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இருக்கிறார்களே, போதாதா?” என்பது அடுத்த வாதம். இவர்களில் பலர் பழங்குடியினர். பெயரில் மட்டும்தான் இவர்கள் தற்காலிகம். மழையிலும் ரோந்து போய், முகாமில் தங்கி, காட்டுத்தீயையும் அணைப்பவர்கள். 2021-ல் மசினகுடிப் பக்கம் டி23 என்று பெயரிடப்பட்ட புலியைத் தேடிய மூன்று வாரங்களில் ட்ரோன், கேமரா, கும்கி எல்லாம் இறங்கின. அவற்றோடு, தடம் பார்த்துப் புலி போன திசையைச் சொல்ல முதுமலையின் பெட்டக்குறும்பர் பழங்குடியினரும் தேவைப்பட்டார்கள். புலி உயிரோடு பிடிபட்டது. எழுத்துத் தேர்வு வைத்து, தடம் பார்க்கும் இந்த அறிவை அளக்க முடியாது. இதை உடையவருக்கு வேலை உறுதியும் இல்லை, பதவி உயர்வும் இல்லை என்றால், அவர் தன் மகனை எந்த நம்பிக்கையில் காட்டு வேலைக்கு அனுப்புவார்?

“மேலே அதிகாரிகள் நிறைய இருக்கிறார்கள்” என்பவர்களுக்கு ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தை நினைவூட்டினால் போதும். அங்கே அதிகாரிகள் இருந்தார்கள், பதிவேட்டில் புலிகளும் இருந்தன. 2005-ல் காட்டில் ஒரு புலிகூட இல்லை. பிறகு அமைக்கப்பட்ட புலிகள் பணிக்குழு, களப் பணியாளர்களின் காலியிடங்களையும் முதுமையையும் சுட்டிக்காட்டியது.

சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் பரப்பு மட்டும் 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல். காடு ‘பீட்’ எனும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வனக்காப்பாளர்களால்தான் காக்கப்படுகிறது. ஆகவே மேலே புதிய பதவிகளை உருவாக்குமுன் காலியாக உள்ள வனக்காப்பாளர் இடங்களை அரசு நிரப்பட்டும். காட்டை அறிந்த வேட்டைத் தடுப்புக் காவலரை, படிப்புத் தகுதியைத் தளர்த்தியாவது, முதலில் அந்த இடங்களில் அமர்த்தட்டும்.