எழுந்தால் பூட்டு

ஆம்பூரில் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரம் நெருங்கினால் ஷூ கம்பெனி அலுவலகங்கள் காலியாகத் தொடங்கும். தொழுகைக்குப் போகிறவர்கள் கிளம்புவார்கள். மற்றவர்கள் டிபன் பாக்ஸோடு எழுந்துவிடுவார்கள். காசாளர் மட்டும் பணப்பெட்டியைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்த பிறகுதான் நாற்காலியை விடுவார். பக்கத்து மேஜையில் கணக்கரின் கணினி திறந்தபடியே கிடக்கும். டாலியில் பாதி போட்ட வவுச்சர், ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய இன்வாய்ஸ், மூடாத மின்னஞ்சல், யூஎஸ்பியில் செருகியபடி முதலாளியின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன். அதற்கான ரகசிய எண்ணும் மானிட்டர் ஓரத்தில் துண்டுச் சீட்டாக ஒட்டியிருக்கலாம்.

பெட்டியில் இருப்பது அன்றைய சில்லறைச் செலவுக்கான பணம். கம்பெனியின் பெரிய பணமெல்லாம் போவதும் வருவதும் அந்தத் திரை வழியாகத்தான்.

அந்தத் திரையைப் பூட்டச் சொன்னால், “எல்லாரும் நம்ம பசங்கதானே சார், யாரைச் சந்தேகப்படறது?” என்பார்கள். யாரையும் சந்தேகப்பட வேண்டாம். பூட்டு முதலில் காப்பாற்றுவது அந்த நாற்காலிக்காரரைத்தான். கணினிக்கு விரல் தெரியாது, பெயர்தான் தெரியும். இன்வாய்ஸில் வங்கிக் கணக்கு எண்ணை யார் மாற்றினாலும், எந்தப் பெயரில் உள்ளே நுழைந்திருக்கிறார்களோ அந்தப் பெயர்தான் பதிவாகும். திறந்த மின்னஞ்சலில் “வருவதையெல்லாம் இந்த முகவரிக்கும் அனுப்பு” என்று ஒரு விதி போட இரண்டு நிமிடம் போதும். அதன்பின் வெளிநாட்டு வாடிக்கையாளர் எழுதும் ஒவ்வொரு கடிதமும் இன்னொருவருக்கும் போய்க்கொண்டிருக்கும். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. அடுத்தவரின் கடவுச்சொல்லையோ மின் கையொப்பத்தையோ மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் செய்தது இன்னார் என்று கண்டுபிடிக்கும் வரை, “நான் சாப்பிடப் போயிருந்தேன்” என்று சொல்லிக்கொண்டு நிற்கப் போவது கணக்கர்தான்.

கேடு வருமுன் தடுப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய பாடமும் இல்லை. பாலாற்றுக் கரைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதியாக ஏற்றது. கேடு நிரூபணமாகட்டும் என்று காத்திருக்காதே, முன்பே தடு என்பது அதன் சாரம். தன் தொழிலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்டும் பொறுப்பையும் தொழில் நடத்துபவர் மீதே அந்தத் தீர்ப்பு வைத்தது. ஆற்றுக்குச் சொன்னதை அலுவலக மேஜைக்கும் எடுத்துக்கொண்டால் நஷ்டமில்லை.

பூட்டைத் தொல்லையாக்கினால் மட்டும் ஆட்கள் அதை ஏமாற்றிவிடுவார்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் இது எப்படி நடக்கிறது என்று ராஸ் கோப்பெலும் அவருடைய சகாக்களும் 2015-இல் எழுதினார்கள். ஆள் நகர்ந்தால் கணினியை மூடும் சென்சார் மேல் தெர்மோகோல் கப்பைக் கவிழ்த்து வைத்தார்களாம். ஓரிடத்தில், எல்லாருடைய கணினியும் மூடிக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது ஸ்பேஸ் பாரைத் தட்டுவது குழுவிலேயே இளையவரின் வேலையாக இருந்ததாம். நோயாளி காத்திருக்கும் வார்டில் ஒரு நிமிடப் பூட்டு கொடுமை. கணக்கு அறையில் ஐந்து நிமிடம் யாருக்கும் பாரமில்லை.

முதலில் கணினிக்குக் கடவுச்சொல் வேண்டும். அது இல்லாமல் போடும் பூட்டு வெறும் படம். விண்டோஸில் எழுந்திருக்கும்போது விண்டோஸ் விசையோடு எல் எழுத்தைத் தட்டினால் போதும். மறதிக்காரர்கள் ஸ்கிரீன் சேவர் அமைப்புக்குப் போய், ‘பிளாங்க்’ என்பதைத் தேர்ந்து, காத்திருக்கும் நேரத்தை ஐந்து நிமிடமாக வைத்து, திரும்ப வரும்போது லாகான் திரையைக் காட்டச் சொல்லும் கட்டத்தில் டிக் போட வேண்டும். ‘டைனமிக் லாக்’ என்று இன்னொன்று உண்டு. செல்போனைப் புளூடூத்தில் இணைத்துவிட்டால், போன் விலகிப் போன சற்று நேரத்தில் கணினி தானாகப் பூட்டிக்கொள்ளும். வாசல் டீக்கடை புளூடூத் எல்லைக்குள் இருந்தாலோ, போனை மேஜையிலேயே விட்டுப் போனாலோ அது வேலை செய்யாது. ஆகவே அது துணைக்கு மட்டும்.

“லாக் பண்ணா டாலி நின்னுடுமே” என்பது அடுத்த பயம். நிற்காது. பூட்டினாலும் உள்ளே பிரிண்ட் ஓடும், பேக்கப் ஓடும், பொதுக் கணினியிலிருந்து மற்றவர்கள் எடுக்கும் டேட்டாவும் போய்க்கொண்டிருக்கும். நிறுத்துவது ‘ஸ்லீப்’. பூட்டை ஐந்து நிமிடத்துக்கு வைத்து, பொதுக் கணினியின் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று விட்டால் இரண்டும் சரியாகிவிடும்.

ஒரே கணினியில் மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்தால் மூவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த கடவுச்சொல், வாசல் படியில் வைத்த சாவி. டோக்கனைப் பிடுங்கி டிராயரில் வையுங்கள். துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள்.

இதெல்லாம் கணக்கருக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பல இடங்களில் விதிவிலக்கு கேட்கும் முதல் ஆள் முதலாளிதான்: “என் ரூமுக்கு யார் வரப்போறாங்க?” டீ கொண்டு வருபவர், ஏசி மெக்கானிக், பேரம் பேச வரும் கெமிக்கல் வியாபாரி என்று அதிகம் பேர் வந்து போகும் அறையே அதுதான். வங்கிப் பணத்துக்குக் கடைசி ஒப்புதல் தரும் கணினியும் அங்கேதான் இருக்கிறது. பூட்டை அந்த அறையில் தொடங்கினால் மற்ற மேஜைகளுக்குச் சுற்றறிக்கை தேவைப்படாது.