ராமானுஜன் ஃபெயிலான பேப்பர்: கல்லூரி முதலாண்டில் எழுத்து வகுப்பு ஏன் வேண்டும்?

1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார் ஒரு மாணவர். கணக்கில் புலி. ஆனால் ஆங்கிலக் கட்டுரைத் தாளில் ஃபெயில். உதவித்தொகை பறிபோனது. அப்பா ஜவுளிக்கடைக் கணக்கர். ஃபீஸ் கட்ட வழியில்லை. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர்தான் சீனிவாச ராமானுஜன்.

'மார்க் முக்கியமில்லை, திறமைதான் முக்கியம்' என்று சொல்வதற்காக இந்தக் கதையை வழக்கமாக எடுப்பார்கள். அதைவிட முக்கியமான பகுதி ஆறு வருடம் கழித்து வருகிறது. 1911-ல் பெர்னோலி எண்கள் பற்றிய அவரது முதல் ஆய்வுக் கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அது அவ்வளவு சுலபமாக அச்சேறவில்லை. இதழாசிரியர், பெங்களூரில் இருந்த எம்.டி.நாராயண அய்யங்கார். ராமானுஜன் அனுப்பிய பிரதி ரொம்பச் சுருக்கமாக இருந்தது, தெளிவு போதவில்லை, சாதாரணக் கணித வாசகரால் பின்தொடர முடியாது. அதற்காக அவர் அதைக் குப்பையில் போடவில்லை. திருப்பி அனுப்பினார். திருத்தி வந்ததைப் படித்துவிட்டு மறுபடியும் அனுப்பினார். இப்படிப் பல முறை போய் வந்த பிறகுதான் கட்டுரை அச்சானது.

இரண்டு இடத்திலும் குறை ஒன்றுதான்: எழுத்து சரியில்லை. கும்பகோணத்தில் அதற்கு ஒரு மார்க் போட்டார்கள். விஷயம் அங்கேயே முடிந்தது. பெங்களூரில் ஒருவர் உட்கார்ந்து படித்து, 'இந்த இடம் புரியவில்லை, திரும்ப எழுதுங்கள்' என்றார். டெல்டா கல்லூரிகளின் முதலாண்டு மாணவர்களுக்கு இன்று கிடைக்காதது இந்த இரண்டாவது ஆள்தான்.

தமிழ், இங்கிலீஷ் பேப்பர்தான் இருக்கே?

இருக்கிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். செய்யுள், சிறுகதை, இலக்கிய வரலாறு எல்லாம் வரும். படிக்க வேண்டியவைதான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இவற்றில் மாணவர் 'எழுதுவது' எப்போது? பெரும்பாலும் தேர்வு அறையில் மட்டும். கைடில் உள்ள ஐந்து மார்க் பதில், பத்து மார்க் பதில். அசைன்மென்ட் என்றால் சீனியர் நோட்டைப் பார்த்து ஒரு காப்பி. இப்போது அந்தச் சிரமமும் இல்லை. செல்போனில் ஏஐ-யிடம் கேட்டால் அரை நிமிடத்தில் நாலு பக்கம் வந்துவிடும். மாணவர் தனக்குத் தெரிந்த ஒன்றைத் தன் சொந்த வாக்கியத்தில் சொல்லி, அதை இன்னொருவர் படித்து, மறுபடி அவர் எழுதியதாக மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட நடக்காமல் டிகிரி வாங்கிவிட முடியும்.

வேலைக்கு இன்டர்வியூ போகும்போது இது உதைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முன்பே, வீட்டிலேயே உதைக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் பல குடும்பங்களில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் இந்தப் பிள்ளைதான். 'காலேஜ் படிக்கிற, ஒரு மனு எழுதிக் குடு' என்று அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் வருவார்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழைக் காலத்தில் மத்திய அரசு தளர்வு கொடுத்தால்தான் உண்டு. தார்பாய் போட்டுக் களத்திலேயே காத்திருக்க வேண்டும். அப்போது திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு ஒரு மனு போகிறது: 'எங்கள் ஊரில் நெல் தேங்கிக் கிடக்கிறது, தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டும்.' அவ்வளவுதான். எந்த நிலையம், என்றைக்கு நெல் கொண்டுபோனது, 40 கிலோ மூட்டை எத்தனை, ஈரப்பதம் எவ்வளவு காட்டியது, உலர்த்தும் இடம் வேண்டுமா, கூடுதல் எடை இயந்திரம் வேண்டுமா — எதுவும் இல்லை. வாங்கிய அதிகாரி அதை 'உரிய நடவடிக்கைக்கு' என்று எழுதித் தள்ளிவிட வசதியாக இருக்கிறது. மனுவில் பணிவு நிறைய இருக்கும். தகவல்தான் இருக்காது. அந்தத் தகவல் முழுக்க எழுதியவருக்குத் தெரியும் என்பதுதான் வேதனை.

வகுப்பில் என்ன நடக்க வேண்டும்?

பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு செமஸ்டர், வாரம் 200 வார்த்தை, வகுப்பிலேயே கையால். தலைப்பு அவரவர் ஊரிலிருந்து வரட்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும்; கல்லூரி திறப்பதும் அதையொட்டித்தான். 'உங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வந்தது, கடைமடைக்கு ஏன் தாமதம்?', 'குறுவைக்கு ஏக்கருக்கு வீட்டில் என்ன செலவு?' விவசாயக் குடும்பம் இல்லையா? காலை பஸ் ஏன் லேட் என்று எழுதட்டும். ஏஐ-க்கு இந்தப் பதில் தெரியாது. முதலில் தமிழில், தெளிவான பிறகு அதே விஷயம் ஆங்கிலத்தில். தாய்மொழியில் ஒரு காரணத்தை வரிசையாகச் சொல்லத் தெரியாதவரிடம் நேராக 'ஸ்போக்கன் இங்கிலீஷ்' புத்தகத்தைக் கொடுப்பதால்தான் பலர் இரண்டு மொழியிலும் பாதியில் நிற்கிறார்கள். (ராமானுஜன் சேர்வதற்கு முந்தைய வருடம், 1903 வரை, அதே கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் உ.வே.சாமிநாதையர். 'என் சரித்திரம்' என்ற உரைநடைப் பொக்கிஷத்தைப் பின்னாளில் எழுதியவர். தெளிவாக எழுத இங்கிலீஷ்தான் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதைப் புரட்டிப் பார்க்கலாம்.)

சிக்கல், திருத்தும் வேலையில் இருக்கிறது. 60 பேர் வகுப்பு. ஒரு தாளுக்கு 10 நிமிடம் என்றாலே வாரம் 10 மணி நேரம். உதவிப் பேராசிரியருக்கு யுஜிசி சொல்லும் நேரடி வகுப்பே வாரம் 16 மணி நேரம். யார் செய்வார்கள்? அதனால் வாரம் 20 தாள் மட்டும் ஆசிரியர் படிக்கலாம். மீதியை மாணவர்கள் மாற்றிப் படித்து, புரியாத வரிக்குக் கீழே கோடு போடலாம். மூன்று வாரத்தில் எல்லோருடையதும் ஆசிரியர் கையில் வந்துவிடும். எழுத்துப்பிழைக்கெல்லாம் சிவப்பு மை வீணாக்க வேண்டாம். ஒரே கேள்வி: 'நீ சொல்ல வந்தது இதுதானா?'

இந்த எச்சரிக்கையும் வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு 1874-ல் நுழைவுத் தேர்வில் கட்டுரை எழுதச் சொன்னது. வந்த தாள்களைப் பார்த்து நொந்துபோய், 1885 வாக்கில் அதை முதலாண்டு வகுப்பாகவே நடத்த ஆரம்பித்தது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஆனால் காலப்போக்கில் அங்கே பல இடங்களில் இந்த வகுப்பு, சம்பளம் குறைவான தற்காலிக ஆசிரியர் தலையில் விழுந்தது. இங்கேயும் கௌரவ விரிவுரையாளரிடம் தள்ளிவிட்டு, திருத்தும் நேரத்துக்கு ஊதியமும் தராமல் விட்டால் ஒரே வருடத்தில் இதுவும் கைடு பேப்பராகிவிடும்.

மார்க்கும் கூடாது. இதற்கு 75 மார்க் செமஸ்டர் தேர்வு வைத்து, ஃபெயிலானால் அரியர் என்றால், அது 1904-க்கே திரும்பிப் போவது. 'முடித்தார்', 'இன்னும் எழுத வேண்டும்' — இரண்டே நிலை போதும். இரண்டாவது நிலையில் இருப்பவர் அடுத்த செமஸ்டரிலும் எழுதட்டும். உதவித்தொகையைத் தொடக் கூடாது.

பல்கலைக்கழகமே பாடத்திட்டத்தை மாற்றும்வரை எல்லோரும் காத்திருக்கத் தேவையில்லை. கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றவை. பாடத்திட்டக் குழுவும் கல்விக் குழுவும் கையெழுத்துப் போட்டால், அடுத்த குறுவைக்குத் தண்ணீர் வரும்போது முதல் வகுப்பைத் தொடங்கலாம்.