வெயில் பொது, நிழல் யாருக்கு?

சித்திரை பிறந்தால் போதும், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் வெயில் கொளுத்தத் தொடங்கிவிடும். சித்திரை 21-ந் தேதி அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். வைகாசி 14 வரை அது நீடிக்கும். பகல் 11 மணிக்கு மேல் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். ஆடு மாடுகள்கூட நிழலைத் தேடி ஒதுங்கிவிடும்.

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. ஒன்று எண்ணாயிரம் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. சோழர் காலத்துக் கோயில்கள் உள்ள ஊர் அது. இன்னொன்று திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே இருக்கிறது. அந்தக் காலத்து அரசர்கள் அந்தணர்களுக்குத் தானமாகக் கொடுத்த நிலத்துக்கு 'பிரமதேயம்' என்று பெயர். பிரம்மதேசம் என்ற ஊர்ப் பெயர் அந்த வழியில் வந்ததுதான்.

நிலத்தை இன்னாருக்கு என்று எழுதிக் கொடுக்கலாம். வெயிலை அப்படி எழுதிக் கொடுக்க முடியுமா? மாடி வீட்டுக்கும் குடிசைக்கும் ஒரே வெயில்தான். நல்லவர் மீதும் கெட்டவர் மீதும் கடவுள் ஒரே சூரியனைத்தான் உதிக்கச் செய்கிறார் என்று ஏசுநாதர் தமது மலைப்பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னார்.

ஆக, வெயில் பொது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் நிழலும் தண்ணீரும் பொதுவாக இருக்கின்றனவா? அவற்றைப் பங்கு போடுகிறவன் மனிதன். அங்கேதான் கோளாறு வருகிறது.

கோடை விடுமுறையில் கிறிஸ்தவ ஆலயங்களில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கிறது. பாட்டு உண்டு. கதை உண்டு. தாகத்தையும் தண்ணீரையும் காட்டி நல்ல புத்தி சொல்கிறார்கள். இது நல்ல காரியம். ஆனால் பாடம் வாயோடு நின்றுவிட்டால் என்ன பயன்? தாகத்தோடு வாசலில் நிற்பவன் யாராக இருந்தாலும் அவனும் நம்மவன் என்ற எண்ணம் வர வேண்டும். கோடை கற்றுத் தரும் வேதம் அதுதான்.

தண்ணீர்ப் பந்தல்

தமிழ்நாட்டில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது மிகப் பழைய தர்மம். திங்களூரில் அப்பூதி அடிகள் தண்ணீர்ப் பந்தல் வைத்த செய்தியைப் பெரியபுராணம் சொல்கிறது. அவர் அந்தப் பந்தலுக்குத் தம் பெயரை வைக்கவில்லை. தாம் கண்ணால் பார்த்திராத திருநாவுக்கரசரின் பெயரை வைத்தார். அந்தத் திருநாவுக்கரசர் பிறந்த திருவாமூர் பண்ருட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. விழுப்புரத்துக்காரர்களுக்கு அது அடுத்த ஊர் மாதிரி.

எளியவன் ஒருவனுக்கு ஒரு குவளை குளிர்ந்த நீர் கொடுத்தவனும் அதற்குரிய பலனை இழக்கமாட்டான் என்று ஏசுநாதர் சொன்னார். பெரிய தர்மசத்திரம் கட்டச் சொல்லவில்லை. ஒரு குவளை தண்ணீர் போதும் என்றார்.

இந்தக் காலத்துப் பந்தல்கள் பலவற்றைப் பாருங்கள். திறப்பு விழா அன்று தர்ப்பூசணி, வெள்ளரிக்காய், மோர் எல்லாம் உண்டு. தலைவர் வருவார். போட்டோ எடுப்பார்கள். நான்காம் நாள் போய்ப் பார்த்தால் பானை காலி! கீற்றுக் கொட்டகையும் பெயர்ப் பலகையும் மட்டும் வெயிலில் காய்ந்து கொண்டிருக்கும்.

தர்மம் செய்யும்போது தாரை ஊதிக்கொண்டு செய்யாதே என்பதும் ஏசுநாதர் போதனைதான். பலகையில் யார் பெயர் இருக்கிறது என்பது தாகத்தோடு வருகிறவனுக்குத் தேவை இல்லை. பானையில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான் அவனுக்குத் தேவை. பந்தல் வைப்பதை விட, தினமும் காலையில் பானையை நிரப்புவது பெரிய புண்ணியம்.

உச்சி வேளையில் வந்த பெண்

பைபிளில் ஒரு கிணற்றடிக் கதை வருகிறது. சமாரியா நாட்டில் சீகார் என்ற ஊர். அங்கே யாக்கோபின் கிணறு. நடந்து களைத்துப்போன ஏசுநாதர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போது நடுப்பகல். ஒரு பெண் தனியாகத் தண்ணீர் எடுக்க வந்தாள். அவர் அவளிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவள் திகைத்துப் போனாள்! யூதர்கள் சமாரியர்களோடு புழங்காத காலம் அது.

இந்தக் கதையின் நுட்பம் பட்டணத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. கிராமத்துப் பெண்களுக்குப் புரியும். அவர்கள் விடியற்காலையிலேயே குடத்தோடு கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் தண்ணீர் பிடித்து முடித்துவிடுவார்கள். உச்சி வெயிலில் ஒரு பெண் தனியாகக் குடம் தூக்கி வந்தால், நாலு பேர் கண்ணில் படாமல் வர நினைத்தாளோ என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். ஊர் வாய்க்குப் பயந்தவளாக இருக்கலாம். மற்றவர்களோடு சேர்ந்து எடுக்க முடியாதவளாக இருக்கலாம்.

அப்படிப்பட்டவளிடம் ஏசுநாதர் தண்ணீர் கேட்டார். தீண்டாமை பார்க்கிறவன்கூட எட்ட நின்று தண்ணீர் ஊற்றிவிடுவான். ஆனால் அவள் குடத்துத் தண்ணீரைக் கேட்டுக் குடிக்க மாட்டான். ஆகவே, தண்ணீர் கொடுப்பது பாதிப் பாடம். கை நீட்டி வாங்கிக் குடிப்பது மறுபாதி.

உப்பளத்தின் பாடம்

திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். அங்கே உப்பளங்கள் உண்டு. உப்புத் தண்ணீரைப் பாத்திகளில் பாய்ச்சுவார்கள். வெயில் தண்ணீரைக் குடித்துவிடும். உப்பு அடியில் பூக்கும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு விளைச்சல். நடுவில் ஒரு மழை பெய்தால் பாடுபட்டது எல்லாம் கரைந்து போகும்.

உழவன் மழைக்கு ஏங்குகிறான். உப்பளத் தொழிலாளி வெயிலுக்கு ஏங்குகிறான். ஒருவனுக்குத் துன்பமான வெயில் இன்னொருவனுக்குச் சோறு போடுகிறது.

ஏசுநாதர் தம் சீடர்களை உலகத்துக்கு உப்பு என்று சொன்னார். சாரம் போன உப்பு மிதிபடத்தான் உதவும் என்றும் எச்சரித்தார். இதை வைத்து எத்தனையோ பிரசங்கங்கள் செய்யலாம். ஆனால் உப்பு வாருகிறவனின் காலை யாராவது நினைக்கிறார்களா? உப்புத் தண்ணீரில் நின்று நின்று அவன் பாதம் வெடித்துப் போகிறது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை உறுத்துகிறது. வேலையாட்களின் கூலியைப் பிடித்து வைத்தால், அந்தக் கூலியே கடவுளிடம் முறையிடும் என்ற கருத்தும் பைபிளில் இருக்கிறது. உப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் உப்பு எடுப்பவனையும் சேர்த்துப் பேச வேண்டும்.

ஒரு பேச்சால் விழுந்த விலை

திண்டிவனம், மரக்காணம் வட்டாரத்தில் கோடைக்குத் தர்ப்பூசணி பயிர் செய்கிறார்கள். 2025-ம் ஆண்டு கோடையில் என்ன நடந்தது? தர்ப்பூசணியில் ஊசி மூலம் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. ஜனங்கள் பயந்தார்கள். பழம் வாங்குவதை நிறுத்தினார்கள். விலை விழுந்தது. கடன் வாங்கிப் பயிர் செய்த விவசாயிகள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

தர்ப்பூசணியின் சிவப்பு இயற்கையானது, பயமின்றிச் சாப்பிடலாம் என்று அதிகாரிகள் பிறகு விளக்கினார்கள். தக்காளிக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் லைக்கோபீன் என்ற பொருள்தான் தர்ப்பூசணிக்கும் நிறம் கொடுக்கிறது. ஆனால் பயம் பரவிய வேகத்தில் விளக்கம் பரவவில்லை.

சிறு நெருப்பு பெரிய காட்டையே எரித்துவிடும், நாவும் அப்படிப்பட்டதுதான் என்று பைபிள் எச்சரிக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. செல்போனில் வந்த செய்தியை விசாரிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்புகிறவர், ஏதோ ஒரு விவசாயியின் வயலில் தீ வைக்கிறார் என்றே சொல்லலாம். அந்த விவசாயியும் அயலான்தானே?

கதவு தட்டிய இரவு

இப்படி அயலானுக்காக எழுந்து நின்றவர் ஒருவரின் கதை திண்டிவனத்திலேயே இருக்கிறது. அங்கே அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த ஜான் ஸ்கடர் என்ற டாக்டர் ஊழியம் செய்து வந்தார். அவருடைய மகள் ஐடா. தாயாருக்கு உடல்நலம் இல்லாததால், படிப்பு முடிந்து அமெரிக்காவிலிருந்து வந்திருந்தார். இங்கேயே தங்கிவிடும் எண்ணம் அவருக்கு இல்லை.

1890-களின் தொடக்கத்தில் ஓர் இரவு மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பிராமணர். ஒருவர் முஸ்லிம். ஆண் டாக்டர் வேண்டாம், அம்மா வர வேண்டும் என்று மூவரும் ஐடாவைக் கேட்டார்கள். ஆனால் ஐடா அப்போது டாக்டர் அல்ல. பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்து போயிருந்தார்கள்.

ஐடா கண்ணீர் விட்டதோடு நிற்கவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்தார். 1900-ல் டாக்டராகத் திரும்பி வந்தார். வேலூரில் 1902-ல் ஆஸ்பத்திரி திறந்தார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதுவே வளர்ந்து, இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. கதவைத் தட்டியவர் எந்த மதம், என்ன சாதி என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை.

ஆலயத்துக்கு உள்ளேயே

இதே மண்ணில் இன்னொரு கதையும் உண்டு. எறையூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2008 மார்ச்சில் அங்கே கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களுக்கு உள்ளேயே சாதியால் மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிர் இழந்தனர். அப்போது தவக்காலம்! மனம் திரும்பி ஈஸ்டருக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள்.

சமாரியப் பெண்ணின் கதையை அறியாத கிறிஸ்தவர் யாராவது உண்டா? அறிந்தும் என்ன பயன்? கிணற்றடியில் ஏசுநாதர் தாண்டிய கோட்டை ஆலயத்துக்குள் மறுபடியும் போட்டால், வேதம் படித்தது வீண். இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய குற்றம் அல்ல. டீக்கடையில் இரண்டு விதக் குவளை வைத்தவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். ஆனால் அன்பே பெரிய கட்டளை என்று சொல்லுகிறவர்கள் முதலில் திருந்த வேண்டும் என்று உலகம் எதிர்பார்ப்பதில் தவறு இல்லை.

வீட்டிலேயே தொடங்கலாம்

இதற்குப் பணம் வேண்டாம். படிப்பு வேண்டாம். வாசலில் ஒரு மண்பானை வைத்தால் போதும். தினமும் அதைக் கழுவி நிரப்பும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தெரு கூட்டும் அம்மா, குப்பை வண்டிக்காரர், தபால்காரர், கீரை விற்கும் பாட்டி எல்லோருக்கும் ஒரே குவளையில் தண்ணீர் கொடுங்கள். வீட்டார் குடிக்கும் குவளையாகவே அது இருக்கட்டும். வேலைக்கு வந்தவரை வெயிலில் நிறுத்திப் பேசாமல், திண்ணையில் உட்கார வைத்துப் பேசுங்கள். அவருக்குரிய கூலியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

வேதம் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். அதைப் பார்த்து வளரும் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்வதை விட அதிகமாகக் கற்றுக்கொள்ளும். வெயிலைக் கடவுள் எல்லோருக்கும் பொதுவாக வைத்தார். நிழலையும் தண்ணீரையும் பொதுவாக்கும் வேலையை மனிதனிடம் விட்டிருக்கிறார். அந்த வேலையைத் தள்ளிப் போடலாமா?