மிளகுச் சந்தையும் தில்லியின் கணக்கும்

கொச்சி மட்டாஞ்சேரியில் கொச்சங்காடி என்றொரு பகுதி உண்டு. அங்கு இருந்த யூதர் வழிபாட்டிடத்தின் 1344-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, இன்று பரதேசி சினகாக்கின் சுவரில் உள்ளது. அரபியர், யூதர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் வந்து போயினர். மிளகு வணிகம் மட்டும் நின்றுவிடவில்லை. நாளைய விலையை எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாத ஒரு தொழில் இத்தனை நூற்றாண்டுகள் நிலைத்தது எப்படி?

இதற்கு விடை தேட உதவும் ஆய்வொன்றை, அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகப் பேராசிரியரான இந்தியர் சரஸ் சரஸ்வதி 2001-இல் வெளியிட்டார். அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரின் சிந்தனை முறையை அவர் ஆராய்ந்தார். எவ்வளவு லாபம் வரும் என்ற கணிப்பிலிருந்து அவர்கள் தொடங்குவதில்லை. எவ்வளவு இழந்தால் தாங்க முடியும் என்பதே அவர்களது முதற்கேள்வி. கையிருப்பைக் கொண்டு தொடங்கி, நம்பிக்கையான கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு படிப்படியாக முன்னேறுகின்றனர்.

இழப்புக்கு வரம்பு கட்டும் இந்த முறை மட்டாஞ்சேரிக்குப் புதிதல்ல. விலை வீழ்ச்சியிலிருந்து காத்துக்கொள்ளவே அங்கு 1957-இல் மிளகு முன்பேர வணிகம் தொடங்கப்பட்டது. மிளகை அப்படியே விற்பதோடு நிற்காமல், அதன் சாரமான ஓலியோரெசினைப் பிரித்தெடுக்கும் சிந்தைட் நிறுவனத்தை 1972-இல் கோலஞ்சேரி அருகே சி.வி. ஜேக்கப் தொடங்கினார். இன்று அத்துறையில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று. விலையைக் கணிப்பதைவிட, விலையை மட்டுமே நம்பியிராத பொருளை உருவாக்குவது மேலான உத்தி என்பதற்கு இது சான்று.

தில்லி நடந்துகொள்ளும் முறை இதற்கு நேர்மாறானது. வியத்நாம் மிளகின் வரவால் விலை சரிந்தபோது, கிலோவுக்கு 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலையை மத்திய அரசு 2017 டிசம்பரில் அறிவித்தது. நோக்கம் நல்லதே. ஆனால், 2019-இல் உள்நாட்டு விலை 400 ரூபாய்க்கும் கீழே இருந்தது. ஓர் எண்ணை அறிவித்துவிட்டால் சந்தை அதற்குக் கட்டுப்படும் என்ற நம்பிக்கை பொய்த்தது. அதே வேளையில், வெளிநாட்டு மிளகைக் கச்சாப்பொருளாக வாங்கிப் பதப்படுத்தி ஏற்றுமதி செய்வோர் புதியதொரு விதியைச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

தாங்கக்கூடிய இழப்பு என்ற தத்துவம் எல்லோருக்கும் பொருந்துமா என்ற கேள்வியும் நியாயமானதே. கிடங்கும் வங்கிக் கடனும் உள்ள வணிகர் ஓராண்டு காத்திருக்கலாம். இடுக்கியிலும் வயநாட்டிலும் ஓரிரு ஏக்கரில் கொடி வளர்ப்பவருக்கு ஒரு பருவ இழப்பே தாங்க முடியாதது. வாடல் நோயில் கொடி பட்டுப்போனால், புதுக்கொடி காய்க்க மூன்று ஆண்டுகளாவது ஆகும்.

எனவே, அரசின் கடமை விலையை ஜோதிடம் பார்ப்பதன்று. சிறு விவசாயியின் இழப்புக்கு ஒரு வரம்பு கட்டுவதே. பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கிடங்கு, மறுநடவு உதவி, அடிக்கடி மாறாத இறக்குமதி விதிகள் ஆகியவையே அதற்கான வழிகள். சந்தையின் நிச்சயமின்மையைச் சமாளிக்க வணிகர்கள் கற்றுக்கொண்டுவிட்டனர். அரசாணைகளின் நிச்சயமின்மையையும் அவர்கள் தலையில் ஏற்றுவது முறையாகாது.